“ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டியா?”

காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கு முட்டை வேண்டும். சாதாரணக் கோழி முட்டைதான். பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில் என் வேலையைப் பற்றி வீட்டில் சொன்னபோது, ‘உன்னை லேபுக்கு எடுத்தார்களா, மெஸ்ஸுக்கு எடுத்தார்களா’ என்று சிரித்தார்கள். முட்டைகளை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆல்கஹாலில் ஊறப்போட வேண்டும். அப்புறம் உடைத்து, நன்றாக அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, உப்புக் கரைசலும் மாலக்கைட் கிரீன் என்கிற பச்சைச் சாயமும் கலந்து, சின்னக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றிச் சாய்வாகப் படுக்க வைத்து, 85 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் விட்டால் இளம்பச்சை நிறத்தில் கெட்டியாக உறைந்துவிடும். லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம் என்று பெயர். நாங்கள் எல்ஜே என்போம். முட்டை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து போடும் பண்ணையின் முட்டையாக இருக்கக் கூடாது. கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று நாம் பார்ப்பதற்குள் கோழி தின்ற மருந்து முந்திக்கொள்ளும்.

நோயாளியின் சளியைச் சுத்தப்படுத்தி அந்த ஊடகத்தின் மேல் விட்டு 37 டிகிரியில் வைப்போம். அதன் பிறகு காத்திருப்புதான். ஈ.கோலை போன்ற கிருமி இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். வாரம் ஒருமுறை பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்போம். சில வாரம் கழித்து, காலிஃபிளவர் பூவைக் கிள்ளி ஒட்டியது போல, மங்கிய வெண்ணிறத்தில் சொரசொரப்பாக முளைக்கும். முளைக்காவிட்டால் எட்டு வாரம் வரை பார்த்துவிட்டுத்தான் ‘நெகட்டிவ்’ என்று எழுதலாம். முளைத்ததை எடுத்து, ஒவ்வொரு மருந்தும் கலந்த பாட்டிலில் மறுபடி விதைத்து, மறுபடி வாரக்கணக்கில் காத்திருந்து, எதில் வளர்கிறது, எதில் வளரவில்லை என்று பார்க்க வேண்டும். மொத்தத்தில் மூன்று மாதம் போய்விடும். அந்த மூன்று மாதமும் நோயாளி வழக்கமான மாத்திரைகளையே விழுங்கிக்கொண்டிருப்பார். அது வேலை செய்யாத மாத்திரை என்பது அவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இருமல் மட்டும் நிற்காது.

இப்போது நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஜீன் எக்ஸ்பர்ட் கருவியை 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் சளியில் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடுகிறது. கோவாவைச் சேர்ந்த நிறுவனத்தின் ட்ரூநாட் கருவியும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் ரிசல்ட் ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது மருந்துக்கு அடங்காத கிருமி, என்று வந்ததும் கேட்கப்படும் கேள்வி மட்டும் நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து மாறவில்லை. டாக்டர் கேட்பார், சிகிச்சையை மேற்பார்வையிடும் எஸ்டிஎஸ் கேட்பார், வீட்டில் மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்பார்: “ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டியா?”

ஒருமுறை இளம்பெண் ஒருத்தி மாமியாருடன் வந்திருந்தாள். ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ட். கவுண்டரில் இருந்தவர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, ‘பாதியில நிறுத்தினா இப்படித்தான் ஆகும்’ என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். மாமியார் திரும்பி அவளைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்தப் பெண் என்னிடம் வந்து, “அக்கா, எனக்கு டிபின்னே போன வாரம்தான் தெரியும். நான் எந்த மாத்திரையை நிறுத்துனேன்?” என்று கேட்டாள். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ‘புதிய நோயாளி’ என்ற கட்டத்தில்தான் டிக் இருந்தது. அவள் நிறுத்துவதற்கு மாத்திரையே கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

அவளுக்கு வந்தது எப்படி? யாரோ ஒருவரின் நுரையீரலில் ஏற்கெனவே மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்ட கிருமி, காற்று வழியாக இவளிடம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். சரி, அந்த யாரோ ஒருவராவது மாத்திரையை நிறுத்தியவரா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைத்தான் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி திரும்பத் திரும்பச் சொல்கிறது.

முதலில் ஒரு கணக்கு. காசநோயில் நுரையீரலில் ஓட்டை விழுந்துவிட்டால், அந்த ஒரு குழிக்குள் பத்துக் கோடி கிருமிகள்கூட இருக்கலாம். கிருமி பெருகும்போது தானாகவே மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் நேரும். ஐசோனியாசிட் மருந்துக்கு அடங்காத கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. மருந்தே சாப்பிடாத ஆளின் நுரையீரலிலும் இவை இருக்கும். ஒற்றை மருந்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, அந்த ஒன்றிரண்டு மட்டும் பிழைத்துப் பெருகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கிருமி கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த மனிதருக்குள்ளும் இருக்காது. காசநோய்க்குக் கூட்டு மருந்து என்பதன் அடிப்படை முழுவதும் இந்தப் பெருக்கல் கணக்குதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடூரமானது என்பதை முதலில் காட்டியது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1947-இல் தொடங்கிய ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. மருந்து போதுமான அளவு இல்லை. அதனால் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த திட்டம் அது. இன்று எந்த மருந்து ஆய்வுக்கும் அதுதான் முன்மாதிரி. மொத்தம் 107 பேர். ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். அற்புத மருந்து என்றுதான் யாருக்கும் தோன்றும். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் 55 பேரில் 32 பேர் இல்லை. 52 பேரில் 35 பேர் இல்லை. வித்தியாசம் கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. மருந்து பெற்றவர்களில் பெரும்பாலோரின் கிருமி சில மாதங்களிலேயே ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காததாக மாறியிருந்தது. அந்த நோயாளிகளில் யாரும் மருந்தை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நர்ஸ் கையால் ஒவ்வொரு ஊசியையும் போட்டுக்கொண்டவர்கள். ஆக, மருந்துக்கு அடங்காத காசநோயின் முதல் பெரிய சாட்சியமே, சொன்னபடி கேட்ட நோயாளிகளிடமிருந்து வந்ததுதான்.

அடுத்த அத்தியாயம் சென்னையில் நடந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: நோயாளியை சானடோரியத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே இருந்தால் ஆகாதா? நகரத்தின் ஏழைப் பகுதிகளில் இருந்து 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் குடிசைக்கு. மருந்து இருவருக்கும் ஒன்றுதான். ஒரு வருடம் கழித்து சானடோரியத்தில் 92 சதவீதமும் வீட்டில் 86 சதவீதமும் தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சரியான சாப்பாடு இல்லாமல், நெரிசலில், வேலைக்கும் போய்க்கொண்டே இவ்வளவு தேறியிருக்கிறார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவை படிப்படியாகக் குறைந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் வரும். மறைக்கவில்லை.

அதே மையத்தில்தான் இன்னொரு சங்கதியும் தொடங்கியது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரையை ஆள் உண்மையில் சாப்பிடுகிறாரா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து அதில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். பலர் விட்டு விட்டுச் சாப்பிடுவது தெரிந்தது. பாஸ் என்ற அந்தக் காலத்துக் காசநோய் மாத்திரையை ஒரு நாள் சாப்பிட்டவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது; கை நிறைய விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். அதிலிருந்துதான் மருத்துவமனைக்கு வரவழைத்து, கண் முன்னால் விழுங்கவைத்து, வாரம் இரண்டு முறை என்ற ஏற்பாடு வந்தது. பின்னாளில் டாட்ஸ் என்று உலகம் முழுக்கப் பரவிய முறைக்கு வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் இதை நோயாளியின் குற்றமாகப் பார்க்கவில்லை. ‘மனிதர்கள் இப்படித்தான், அதற்கு ஏற்றபடி மருந்து முறையை அமைப்போம்’ என்றுதான் யோசித்தார்கள். ஆனால் திட்டமாகி, படிவமாகி, கவுண்டருக்கு வந்து சேரும்போது அந்த யோசனை போய், சந்தேகம் மட்டும் மிஞ்சிவிட்டது.

கண் முன்னால் விழுங்கினாலும் வேறு பள்ளம் உண்டு. இந்தியாவில் 1997-இல் விரிவாகத் தொடங்கிய திட்டத்தில் வாரம் மூன்று நாள் மட்டும் மருந்து. நோயாளி மூன்று நாளும் தவறாமல் வருவார். 2018-இல் சென்னை நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து இருந்த 331 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தினசரி மருந்தையும் இடைவிட்ட மருந்தையும் ஒப்பிட்டார்கள். தினசரி மருந்து தெளிவாக மேலாக இருந்தது. சிகிச்சையின் நடுவே புதிதாக ரிஃபாம்பிசினுக்கு அடங்காமல் போனது வாரம் மூன்று நாள் குழுவில் மட்டும்தான். அவர்கள் செய்த தப்பு, நாம் சொன்னதைச் செய்தது. 2017-இல் நாடு முழுக்க தினசரி மருந்துக்கு மாறினோம்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது ‘கேட்டகரி டூ’. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் சிகிச்சை பலிக்காமல் திரும்பி வந்தவருக்கு அதே மருந்துகளைக் கொடுத்து, கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் சேர்ப்பது, எட்டு மாதம். தோற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சையில் ஒற்றை மருந்தைச் சேர்க்காதே என்பது காசநோய் மருத்துவத்தின் அரிச்சுவடி. 1948-இலேயே கற்றுக்கொண்ட பாடம். அதை மீறுகிற ஒரு முறையைப் பல பத்தாண்டுகள் உலகமே பின்பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல்தான் கைவிடச் சொன்னது. பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் கராபாய்யோ குடிசைப் பகுதியில் அமெரிக்க மருத்துவர்கள் பால் ஃபார்மரும் ஜிம் யோங் கிம்மும் 1996-இல் வேலையைத் தொடங்கியபோது பார்த்தது இதைத்தான். விதிமுறைப்படி ஒவ்வொரு சிகிச்சையையும் முடித்த நோயாளிகள், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் ஒரு மருந்துக்கு அடங்காத கிருமியோடு வெளியே வந்தார்கள். ஏழை நாட்டில் இதற்கெல்லாம் மருத்துவம் பார்த்துக் கட்டுப்படியாகாது என்பதுதான் அன்றைய நிபுணர்களின் கருத்து. ஃபார்மரும் கிம்மும் நோயாளிகளை வீட்டிலேயே வைத்து, பக்கத்துத் தெரு ஆட்களைத் துணைக்கு வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 2003-இல் முடிவை வெளியிட்டபோது, குறைந்தது நான்கு மாதம் சிகிச்சை எடுத்த 66 பேரில் 83 சதவீதம் குணமாகியிருந்தார்கள்.

மும்பையில் நிலவரம் வேறு மாதிரி. 1991-இல் வெளியான ஓர் ஆய்வில் 100 தனியார் டாக்டர்களிடம் காசநோய்க்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்டால் 80 விதமான சீட்டு வந்தது. 2010-இல் நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவின் குழு தாராவியில் 106 டாக்டர்களிடம் கேட்டது. சரியான சீட்டு எழுதியவர்கள் 6 பேர். சீட்டில் இருந்ததை அப்படியே வாங்கிச் சாப்பிட்ட நோயாளியிடம் போய் யார் என்ன கேட்பது?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் துகேலா ஃபெர்ரி என்று ஒரு சிற்றூர். 2006-இல் அங்கிருந்து வந்த செய்தியைப் படித்தபோது எங்கள் துறையில் இருந்த யாருக்கும் தூக்கம் வந்திருக்காது. ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்காத எக்ஸ்டிஆர் காசநோய் 53 பேருக்கு. அவர்களில் 52 பேர் இறந்துவிட்டார்கள். சளி கொடுத்த நாளில் இருந்து பாதிப் பேர் பதினாறு நாள்கூடத் தாங்கவில்லை. எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்ட அத்தனை பேருக்கும் எச்ஐவி இருந்தது. நோயாளிகள் மருந்தைப் பாதியில் விட்டதால்தான் என்று அப்போதும் எழுதினார்கள். பிறகு அதே மாகாணத்தில் எக்ஸ்டிஆர் நோயாளிகள் 404 பேரை எடுத்து, யாருக்கு யாரோடு தொடர்பு, யாருடைய கிருமியின் மரபணு யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: 69 சதவீதம் பேர் அதற்கு முன் பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சிகிச்சையே எடுக்காதவர்கள். அவர்களுக்கு வந்தது பரவிய நோய். வீட்டில், வேலை செய்கிற இடத்தில், ஆஸ்பத்திரி வார்டில், வெளிநோயாளிப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தபோது வந்தது. சன்னல் திறந்திருந்ததா என்பதும், பக்கத்தில் இருமியவருக்கு எத்தனை வாரம் தப்பு மருந்து போனது என்பதும்தான் அங்கே கேள்வி.

ஆனால் மாத்திரையை நிறுத்துகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். நிறுத்தவைத்த சிகிச்சை எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பெரியப்பா மகன் எடுத்துக்கொண்டது பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பழைய இரண்டு வருடச் சிகிச்சை. தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கானாமைசின் ஊசி. இடுப்பில் மாற்றி மாற்றிப் போட்டு உட்கார இடமில்லாமல் போகும். எத்தியோனமைடு சாப்பிட்டால் காலைச் சாப்பாடு வயிற்றில் நிற்காது. சைக்ளோசெரின் மனதைக் குலைக்கும். காரணமில்லாமல் அழுவார், ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் அண்ணி, குக்கர் எத்தனை விசில் வந்தது என்று கேட்டதற்கு, ‘குக்கர் வெச்சிருக்கியா?’ என்று கேட்டிருக்கிறார். அந்த ஊசி முதலில் கொண்டுபோவது கீச்சென்ற ஒலிகளைத்தான்: விசில், செல்போன் மணி, குழந்தையின் குரல். மாதாமாதம் காதைச் சோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். சிகிச்சை கொடுத்த இடத்தில் அந்தக் கருவி இல்லை. போய்ச் சொன்னபோது, ‘உயிர் வேணுமா காது வேணுமா’ என்றார்கள். அண்ணன் முழுதாக முடித்தார். குணமாகிவிட்டார். இன்று எதிரில் நின்று உதடு தெரியப் பேசினால்தான் அவருக்குப் புரியும். அவரோடு சேர்ந்து மருந்து எடுத்தவர்களில் பாதியில் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் திட்டமாட்டேன்.

இந்த ஊசியை ஒழித்ததில் பெடாகுலின் என்ற மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. பெல்ஜியத்தில் ஜான்சன் நிறுவனத்தில் கோன் ஆண்ட்ரீஸ் குழு கண்டுபிடித்தது; 2005-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது; 2012 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புதிய வகைக் காசநோய் மருந்து ஒன்று வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்ற மருந்துகள் பெரும்பாலும் கிருமியின் சுவரையோ நகலெடுப்பதையோ தாக்கும். இது கிருமி தன் சக்தியைத் தயாரித்துக்கொள்ளும் நொதியையே அடைத்துவிடுகிறது. அதனால் பெருகாமல் தூங்கிக் கிடக்கும் கிருமியும் தப்ப முடியாது. தென்னாப்பிரிக்கா 2018-இல் ஊசியை எடுத்துவிட்டு இதைக் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் கானாமைசின் வேண்டாம் என்றது. இந்தியாவில் 2016-இல் ஐந்து நகரங்களின் ஆறு மருத்துவமனைகளில் மட்டும் கட்டுப்பாட்டோடு வந்தது. அதில் சென்னையும் ஒன்று. அந்த வருடங்களில் மருந்துக்குத் தகுதி உண்டா என்று ஃபைல் போய் வருவதற்குள் இறந்துபோனவர்கள் உண்டு.

மருந்தின் காப்புரிமையை இன்னும் சில ஆண்டு நீட்டிக்க நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தபோது எதிர்த்து மனு போட்டவர்களில் இருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த புமேசா திசிலே. இருவரும் காசநோய்ச் சிகிச்சையில் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே ஆண்டில் உலக அளவில் ஆறு மாத பெடாகுலின் விலை 130 டாலருக்கு இறங்கியது. ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதைப் போலவே இதுவும் ஆராய்ச்சியின் பகுதி என்றுதான் நான் நினைக்கிறேன்; எட்டாத விலையில் இருக்கும் மருந்தால் கிருமிக்கு என்ன நஷ்டம்?

பெடாகுலினோடு பிரெட்டோமனிட், லினசோலிட் இரண்டையும் சேர்த்து தென்னாப்பிரிக்காவில் பிரான்செஸ்கா கான்ரடி குழு செய்த ஆய்வுக்கு நிக்ஸ்-டிபி என்று பெயர். எக்ஸ்டிஆர் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் ஐந்து ஆண்டுக்குள் இறந்துகொண்டிருந்த நாடு அது. 109 பேருக்கு ஆறு மாதம் மூன்றே மருந்து. 90 சதவீதம் பேர் குணமானார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லையே என்று குறை சொன்னவர்கள் உண்டு. பழைய சிகிச்சையைக் கொடுத்து ஒரு குழுவைச் சாகவிட்டால்தான் ஒப்பிட முடியும் என்கிற நிலையில் அது நியாயமான முடிவு என்பது என் எண்ணம். உண்மையான சிக்கல் லினசோலிட். ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம். 81 சதவீதம் பேருக்கு நரம்பு பாதித்துக் கை கால் மரத்தது, பாதிப் பேருக்கு ரத்த அணுக்கள் குறைந்தன. எங்களிடம் சளி கொடுக்க வந்த ஒருவர், ஒரு காலில் செருப்பு கழன்று படிக்கட்டிலேயே கிடப்பது தெரியாமல் உள்ளே நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து பலித்துவிட்டது, நோயாளி சகித்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த ஆய்வில், தென்னாப்பிரிக்கா, ஜார்ஜியா, மால்டோவா, ரஷ்யா நாடுகளில் 181 பேருக்கு, லினசோலிட்டின் அளவையும் காலத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 600 மில்லிகிராம், 26 வாரம் என்று கொடுத்த குழுவில் 91 சதவீதம் குணமானார்கள். நரம்பு பாதிப்பு 24 சதவீதமாக இறங்கியது. இன்னொரு பக்கம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் இந்த மூன்றோடு மாக்சிஃப்ளாக்சசினையும் சேர்த்துப் பார்த்தது. பழைய நீண்ட சிகிச்சையில் 52 சதவீதம், இதில் 89 சதவீதம். இந்தியாவில் சென்னை நிறுவனத்தின் முன்னெடுப்பில் பெடாகுலின், டெலமனிட், லினசோலிட், குளோபாசிமின் என்ற நான்கை 165 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். குளோபாசிமின் தொழுநோய் மருந்து. உடம்பைக் கறுக்கவைக்கும். ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு வரி. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வரி என்று நம் ஊரில் சொல்லத் தேவையில்லை. மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த அந்த ஆறு மாத நான்கு மருந்து முறைக்கு இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது.

இனிமேல் கவலை தீர்ந்தது என்று எழுத ஆசைதான். லேபில் இருப்பவளுக்கு அது வராது. ரிஃபாம்பிசினுக்கு எதிரான மாற்றங்கள் பெரும்பாலும் கிருமியின் ஒரே மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன இடத்தில் நிகழ்கின்றன. அந்த இடத்தைப் பார்த்தால் போதும் என்பதால்தான் ஜீன் எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் சொல்கிறது. பெடாகுலினுக்கு எதிரான மாற்றம் ஒரு மரபணுவின் எந்த மூலையிலும் வரலாம். வந்தால், உள்ளே போன மருந்தைக் கிருமி வெளியே தள்ளிவிடும். கூடவே குளோபாசிமினும் வேலை செய்யாமல் போகும். இதை எளிதில் கண்டுபிடிக்கும் கருவி வட்டார அளவில் இல்லை. மரபணுவை முழுதாக வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் வளர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு ஆபத்து, இந்த மருந்து உடம்பில் மாதக்கணக்கில் தங்குவது. சிகிச்சை நடுவே சப்ளை நின்று மற்ற மருந்தெல்லாம் உடம்பை விட்டுப் போனாலும் இது மட்டும் குறைந்த அளவில் மிச்சம் இருக்கும். அந்தப் பழைய ஒற்றை மருந்துக் கணக்கு அங்கே மறுபடி தொடங்கும். மாத்திரை வராத மாதத்தில் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதையும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

பரவுவதுதான் பெரிய வழி என்றான பிறகு ஆராய்ச்சி நோயாளியின் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்த ரேஷன்ஸ் ஆய்வில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதில் மருந்தே இல்லை, சாப்பாடும் சத்து மாத்திரையும்தான். பல மருந்துக்கு அடங்காத நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு லெவோஃப்ளாக்சசின் மாத்திரையை முன்கூட்டியே ஆறு மாதம் கொடுத்தால் நோய் வராமல் தடுக்க முடியுமா என்று வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் இரண்டு ஆய்வுகள் நடந்தன. வியட்நாமில் பெரும்பாலும் பெரியவர்கள், தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 2024-இல் முடிவுகள் வந்தன. உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது.

இதைப் பற்றி வீடுகளில் பேசும்போது முதலில் வருவது, ‘நோயே இல்லாத பிள்ளைக்கு எதுக்கு ஆறு மாசம் மாத்திரை?’ என்பதுதான். நல்ல கேள்வி. நான் சொல்லும் பதில் இது: இரண்டு ஆய்விலும் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் குறைவாகவே வந்தது. ஆனால் மொத்தத்திலேயே நோய் வந்தவர்கள் கொஞ்சப் பேர் என்பதால் தனித்தனியாக அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 60 சதவீதம் குறைவு. சிலருக்கு, முக்கியமாகப் பெரியவர்களுக்கு, மூட்டு வலி வரும். வந்தால் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, இரண்டு வருடம் பிள்ளையின் எடையையும் இருமலையும் கவனித்துக்கொண்டே இருங்கள், சந்தேகம் வந்தால் சளி கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துத் தருகிறோம்.